சாரல் அடித்தால் அருவி, சாரல் நின்றால் கடல்! தென்காசியிலிருந்து கொல்லத்துக்கு ஒரு ஜாலி டூர்… ஒரு முக்கியமான எச்சரிக்கையோடு!

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ஜூன் மாதம் பிறந்ததுமே போன் வர ஆரம்பித்துவிடும். "சீசன் எப்படி இருக்கு? தண்ணி விழுதா?" என்பதுதான் முதல் கேள்வி. நலம் விசாரிப்பு அதற்கு அப்புறம்தான். எங்கள் வீடு அச்சன்புதூரில். மாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். மலை மேகத்துக்குள் மறைந்து, காயப்போட்ட துணி இரண்டு நாளாகியும் காயாவிட்டால் சீசன் களைகட்டிவிட்டது என்று அர்த்தம்.

அப்படி ஒரு ஜூலை மாதம், சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கியது. அவர்கள் வந்த நேரம், மலையில் கொட்டிய மழையில் மெயின் அருவி, ஐந்தருவி எல்லாவற்றிலும் வெள்ளப்பெருக்கு. குளிக்கத் தடை. ஒரு நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி, அதாவது சித்தப்பா மகன், பத்தாம் வகுப்பு, மறுநாள் காலையில் மேப்பைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "அப்பா, மலையைத் தாண்டினா கொல்லம். அங்க பீச் இருக்கு!"

காரில் ஏறிவிட்டோம். ஆச்சி மட்டும் வரவில்லை. "அருவி தள்ளினா தரையிலதான் விழுவிய. கடல் இழுத்தா யாரு எடுக்கது? பாத்துப் போயிட்டு வாங்க" என்று திண்ணையிலிருந்து சொல்லி அனுப்பினாள். நாங்கள் சிரித்தோம்.

கொல்லம் கடற்கரையில் அன்று சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்தது. லைஃப்கார்டுகள் விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி ஒரே ஒரு செல்ஃபிக்காக, அலைக்கு முதுகைக் காட்டி, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றான். ஒரு அலை பின்னங்காலில் அடித்தது. அது திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனது. விழுந்தவன் எழுவதற்குள் அடுத்த அலை. நாங்கள் கத்துவதற்குள் அவன் பத்தடி உள்ளே போய்விட்டான். ஓடிவந்த லைஃப்கார்டு ஒருவர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இருக்காது. போன் கடலோடு போயிற்று. சித்தி அவனை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

திரும்பும் வழியில், மலை ஏறும்வரை காருக்குள் யாரும் பேசவில்லை.

அதற்காக "கொல்லம் பக்கமே போகாதீர்கள்" என்று சொல்ல வரவில்லை. அடுத்த ஜனவரியில் அதே குடும்பம், இந்த முறை ஆச்சியையும் கூட்டிக்கொண்டு, அதே ஊருக்குப் போய் வயிறும் மனமும் நிறையத் திரும்பி வந்தது. ஊர் அதேதான், போன மாதம்தான் வேறு. தென்காசி, குற்றாலம் பக்கத்துக்காரர்களும் சீசனுக்கு வருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

ஒரே காற்று, இரண்டு வேலை

குற்றாலத்துக்குச் சாரல் எங்கிருந்து வருகிறது? ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைத் தாண்டி வருகிறது. வரும் வழியெல்லாம் கடலைக் கிளறிக்கொண்டேதான் வருகிறது. கேரளக் கரையில் மோதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறி, அங்கே மழையாகக் கொட்டுகிறது. மலைக்குக் கிழக்கே இருக்கும் ஊர்களுக்குப் பெரும்பாலும் வெறும் காற்றுதான் மிச்சம். ஆனால், செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடர் கொஞ்சம் தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. ஆரியங்காவு கணவாய். அந்த வழியாக ஈரக்காற்று நம் பக்கம் நுழைந்துவிடுகிறது. அதுதான் சாரல்.

ஆக, குற்றாலத்தில் உங்கள் முகத்தில் சாரல் அடிக்கிறது என்றால், அதே காற்று கொல்லத்தில் அலையை உயர்த்திக்கொண்டிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளக் கடற்கரையில் கடல் கொந்தளிப்பாகவே இருக்கும். அலைகள் மணலை அரித்துக்கொண்டு போவதால் கரை குறுகி, சரிவும் கூடிவிடும். இரண்டு அடி வைத்தால் மூன்றாவது அடிக்கு ஆழம்.

டிசம்பர் வாக்கில் காற்று திசை மாறி, அலை தணிந்து, போன மணல் திரும்பக் கரைக்கு வரும். கடற்கரை அகலமாகும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழையும் குறைவு, வெயிலும் கொடுமையில்லை. அந்த நேரத்தில் குற்றாலத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். இயற்கையே நமக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்திருக்கிறது. சீசனில் அருவி, சீசன் முடிந்தபின் கடல்.

இது நமக்கு மட்டுமான கணக்கு இல்லை. உலகமே ஆசைப்படும் கரீபியன் தீவுகளுக்குக்கூட, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதால், டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் சுற்றுலாக் கூட்டம் அலைமோதும்.

காற்றே இல்லாமல் வரும் கள்ளக்கடல்

பருவமழை மாதங்களைத் தவிர்த்தால் போதுமா? போதாது. மார்ச் முதல் மே வரை இன்னொரு ஆபத்து உண்டு. கேரள மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கள்ளக்கடல்'. வானம் தெளிவாக இருக்கும். காற்று இருக்காது. ஆனால், பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயற்காற்றால் கிளம்பிய அலைகள், சத்தமில்லாமல் வந்து கரையில் ஏறும். திருடன்போலச் சொல்லாமல் வருவதால் இந்தப் பெயர். 2012-ல் யுனெஸ்கோவே இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

2024 மார்ச் 31 அன்று கேரளத்தின் தென் மாவட்டக் கடற்கரைகளில் கள்ளக்கடல் ஏறி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதே ஆண்டு மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில், கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில், 5 மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. ஐவருமே உயிரிழந்தார்கள். நண்பர்களோடு ஒரு நாள் சந்தோஷமாக இருக்கலாம் என்று வந்தவர்கள் அவர்கள்.

அருவி மட்டும் ஆபத்தில்லையா என்று கேட்கலாம். அந்தச் சம்பவம் நடந்து 11 நாளில், மே 17 அன்று, பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவனை இழந்தோம். ஆனாலும், அருவியின் குணம் நம் ஊர்க்காரர்களுக்கு ஓரளவு அத்துப்படி. தண்ணீர் செந்நிறமாக வந்தால் விலகிவிட வேண்டும், போலீஸ் கயிறு கட்டினால் தாண்டக் கூடாது, கம்பியை விடக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லி வளர்க்கிறார்கள். கடல் விஷயத்தில் நமக்கு அந்தப் பாடம் இல்லை. அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள், ஹைதராபாத்தில் இருக்கும் 'இன்காய்ஸ்' என்ற கடல் தகவல் மையத்தின் அலை எச்சரிக்கையையும் வானிலை மையத்தின் அறிவிப்பையும் செல்போனில் பார்த்துவிடுங்கள். கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களுக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கையோ, ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கையோ இருந்தால் கடற்கரை பிளானைத் தள்ளிவைத்துவிடுங்கள்.

ரயிலா, ரோடா?

ஜனவரியில் நாங்கள் ரயிலில் போனோம். குடியரசு தின விடுமுறையை ஒட்டிச் சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. செங்கோட்டையில் ஏறினால், அடுத்து வரும் பகவதிபுரம்தான் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அப்புறம் ஒரு நீண்ட குகை. இருட்டில் குழந்தைகள் கத்தி முடிப்பதற்குள் கேரளா வந்துவிடுகிறது. ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை என்று ரயில் மெதுவாக இறங்குகிறது. மலைப்பாதை என்பதால் வேகம் குறைவு. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அதுதான் லாபம்.

கழுதுருட்டி பக்கத்தில் வருவதுதான் '13 கண் பாலம்'. கருங்கல்லில் 13 வளைவுகள் வைத்துக் கட்டிய பாலம். 1904-ல் இந்தப் பாதை திறந்ததிலிருந்து இருக்கிறது. கொல்லம் துறைமுகத்தையும் சென்னையையும் இணைக்க, திருவிதாங்கூர் அரசும் சென்னை மாகாண அரசும் தென்னிந்திய ரயில்வேயும் சேர்ந்து போட்ட பாதை இது. மீட்டர்கேஜ் ரயில் 2010 செப்டம்பரோடு நின்றது. அகலப்பாதை வேலை முடிந்து 2018-ல்தான் செங்கோட்டை – கொல்லம் ரயில் மறுபடி முழுமையாக ஓட ஆரம்பித்தது. புது ரயிலும் அதே பழைய பாலத்தைப் பலப்படுத்தி, அதன் மேல்தான் போகிறது. பாலத்தின் அழகை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ரோட்டில் போக வேண்டும். ரயிலில் போனால் நாம் அதன் மேலேதானே இருக்கிறோம்!

ரோட்டில் போகிறவர்களுக்குப் புளியரை தாண்டியதும் எஸ் வளைவு. அங்கிருந்து கீழே பார்த்தால் செங்கோட்டைப் பக்கத்து வயல்கள் பச்சைப் பாய் விரித்ததுபோல் தெரியும். வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள்; கேரளாவுக்குப் போகும் லாரிகள் நிறைய. கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு ஐயப்பன் கோயில், தென்மலை அணை, புனலூர் என்று வழி நெடுகப் பார்க்க இருக்கிறது. புனலூரில் கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் கட்டிய தொங்குபாலம் இன்னும் நிற்கிறது. இப்போது நடந்து போக மட்டும்தான் அனுமதி. குழந்தைகள் இருந்தால் 20 நிமிடம் அங்கே நிறுத்தலாம்.

தென்காசியிலிருந்து தமிழ்நாடு, கேரளா இரண்டு அரசுப் பேருந்துகளும் கொல்லத்துக்கு உண்டு. ரயிலில் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். டிக்கெட் விலை குறைவு. ரயில் நேரங்கள் அடிக்கடி மாறுவதால் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து ஜனவரி 14 மகரவிளக்கு வரை இந்தப் பாதை முழுக்க ஐயப்ப பக்தர்கள் கூட்டம். வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் மகரவிளக்கு முடிந்தபிறகு போவதே நல்லது.

கொல்லம் நமக்கு அந்நியம் இல்லை

ஆச்சி ரயிலில் வரும்போது ஒரு விஷயம் சொன்னாள். வீட்டில் இருக்கும் பழைய பத்திரங்களில் 'கொல்லம் ஆண்டு' என்று போட்டிருக்குமாம். உண்மைதான். கி.பி. 825-ல் தொடங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கு, நெல்லைச் சீமையிலும் வெகுகாலம் புழக்கத்தில் இருந்தது. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை நம் பக்கம் இல்லை, திருவிதாங்கூரோடு இருந்தது. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் வந்து இறங்கிய துறைமுகம் கொல்லம். மிளகுக்காக உலகமே அங்கே வந்தபோது, மலைக்கு இந்தப் பக்கமிருந்து பொதிமாடுகளும் போய்க்கொண்டுதான் இருந்தன.

ஊருக்குள் இறங்கியதும் முதலில் தங்கசேரி போங்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையின் இடிந்த சுவர்கள் கடலோரத்தில் நிற்கின்றன. பக்கத்திலேயே 1902-ல் கட்டிய கலங்கரை விளக்கம். உயரம் 41 மீட்டர். மேலே ஏறினால் ஒரு பக்கம் அரபிக்கடல், இன்னொரு பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே ஊர். பார்வையாளர் நேரம் குறிப்பிட்ட மணிக்குள்தான் என்பதால் விசாரித்துவிட்டுப் போங்கள். முட்டி வலிக்காரர்கள் கீழே நிழலில் உட்காரலாம். ஆச்சி அப்படித்தான் உட்கார்ந்து, மீன் வலை பின்னுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடலே வேண்டாம், தண்ணீரும் வேண்டும் என்கிறவர்களுக்கு அஷ்டமுடி காயல் இருக்கிறது. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. கொல்லம் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டை ஒட்டியே படகுத்துறை. அங்கிருந்து கிளம்பும் அரசு நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகுகள் உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்தும் சாதாரணப் படகுகள்தான். தனியார் படகு வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் சின்ன பங்குதான் செலவாகும். காயலில் அலை கிடையாது. என்றாலும், லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அண்டிப்பருப்பு வாங்கப் போகிறீர்களா?

கொல்லம் போய்விட்டு முந்திரி வாங்காமல் வந்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். நம் பக்கத்தில் அண்டிப்பருப்பு என்கிறோம். அங்கே அண்டிப்பரிப்பு. பிரேசிலில் பிறந்த மரம் இது. போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கியதால் மலையாளத்தில் இந்த மரத்துக்குப் 'பறங்கிமாவு' என்றும் பெயர்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே சின்னக்கடை. 1944-ல் எழுப்பிய மணிக்கூண்டு அடையாளம். அதைச் சுற்றித்தான் கடைத்தெரு. கேரள அரசின் முந்திரி வளர்ச்சிக் கழகமும், 'காப்பெக்ஸ்' என்ற கூட்டுறவு அமைப்பும் நடத்தும் விற்பனை நிலையங்கள் ஊரில் இருக்கின்றன. அங்கே முதலில் விலையைத் தெரிந்துகொண்டு, பிறகு வெளிக்கடைகளில் பேரம் பேசுங்கள்.

பாக்கெட்டில் டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று எழுதியிருக்கும். பலர் இதை விலை என்றோ எடை என்றோ நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராமில், அதிகபட்சம் எத்தனை முழுப்பருப்பு இருக்கும் என்ற எண்ணிக்கை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் அதிகம். விருந்தாளிகளுக்குத் தட்டில் வைக்க 240 போதும். தினசரிக்கு 320. பாயசத்துக்கும் பொங்கலுக்கும் முழுப்பருப்பு வாங்குவது வீண் செலவு; இரண்டாகப் பிளந்த பருப்போ, பெரிய துண்டுகளோ வாங்கினால் ருசி அதேதான், காசு மிச்சம். லேசாகப் பழுப்பேறிய பருப்பு வறுபட்டதில் நிறம் மாறியது, கெட்டுப்போனது இல்லை. ஆனால், எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் வாங்காதீர்கள். கடையில் ஒன்றை உடைத்துப் பார்க்கக் கேட்டால் தப்பில்லை. 'சடக்' என்று உடைய வேண்டும்.

இந்தப் பருப்பை உடைத்து, தோல் உரித்துத் தருவது பெரும்பாலும் பெண்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் புண்ணாக்கும். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை வாங்கி வந்து உடைக்கும் தொழிற்சாலைகளில் பல, கடந்த சில ஆண்டுகளில் மூடிக்கிடக்கின்றன. பேரம் பேசும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா இரண்டையும் அங்கிருந்து சுமந்து வர வேண்டாம் என்பது என் கட்சி. குற்றாலத்திலேயே கண்ணெதிரே பொரித்துத் தருகிறார்கள். அதற்குப் பதில் கயிற்று மிதியடி, கசவு வேட்டி, கசவுப் புடவை பாருங்கள். சித்தி இரண்டு மிதியடி வாங்கினாள். அம்மா ஒரு கசவுப் புடவையை மூன்று முறை எடுத்துப் பார்த்து, மூன்று முறை மடித்து வைத்துவிட்டு, கடைசியில் வாங்கியேவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கப்பையும் மீன்குழம்பும். நம் ஊர் மரச்சீனிக்கிழங்குதான் அங்கே கப்பை. ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் கேரளத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதால், அப்போது மீன் வரத்தும் குறைவு, விலையும் கூடுதல். ஜனவரியில் அந்தக் கவலையும் இல்லை.

எந்தக் கடற்கரை?

கொல்லம் கடற்கரை: ஊருக்குப் பக்கத்தில், பூங்காவோடு இருக்கும் பெரிய கடற்கரை. மணலில் உட்கார, காற்று வாங்க, சூரியன் மறைவதைப் பார்க்க அருமை. ஆனால், சட்டென்று ஆழமாகும் கரை. ஜனவரியிலும் இங்கே இறங்கிக் குளிக்காதீர்கள்.

திருமுல்லைவாரம்: நகரத்திலிருந்து ஆறு கிலோமீட்டருக்குள். அலை ஒப்பீட்டளவில் தணிவு. ஆடி அமாவாசை பலிதர்ப்பணத்துக்குப் பெயர்பெற்ற இடம். குழந்தைகள் கால் நனைக்க நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

வர்க்கலா: இன்னொரு நாள் தங்க முடிந்தால், கொல்லத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம். கடலை ஒட்டிச் செங்குத்தாக எழும் செம்மண் குன்றும், அதன் அடியில் பாபநாசம் கடற்கரையும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்த குன்று. மேலே நடைபாதை முழுக்கக் கடைகள். வெளிநாட்டுப் பயணிகளுக்கான விலை சொல்வார்கள், பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். குன்று கெட்டிப் பாறை இல்லை. செம்மண்ணும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருப்பதால் விளிம்பு சரியும். படம் எடுக்க ஓரத்துக்குப் போகாதீர்கள்.

தண்ணீரில் கால் வைக்கும் முன்

தம்பி விஷயத்துக்குப் பிறகு கடலைப் பற்றி நிறையப் படித்தேன். எல்லா வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

• கரைக்கு வந்த அலைத்தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். சில இடங்களில் வாய்க்கால்போல ஒரே பாதையில் வேகமாக உள்ளே போகும். இதைத்தான் 'ரிப் கரண்ட்' என்கிறார்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அமைதியாக, மணல் கலங்கித் தெரியும் இடம்தான் அது. 'இங்கே அலை இல்லை' என்று நம்பி இறங்குவதும் அங்கேதான்.

• அதில் சிக்கினால் கரையை நோக்கி நேராக நீந்தாதீர்கள். எப்பேர்ப்பட்ட நீச்சல்காரரும் களைத்துப்போவார். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்டதும் கரைக்குத் திரும்புங்கள்.

• ஒருவர் இழுபடுவதைப் பார்த்தால் உடனே குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன சம்பவங்கள் ஏராளம். லைஃப்கார்டைக் கூப்பிடுங்கள். மிதக்கும் எதையாவது, மூடிய காலி வாட்டர் கேனாக இருந்தாலும், வீசுங்கள். 112-க்கு அழையுங்கள்.

• அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். செல்ஃபி மணலில் போதும்.

• குற்றாலத்தில் குளிப்பதுபோல் புடவையோடு கடலில் இறங்க வேண்டாம். நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொள்ளும், எழுந்திருக்க முடியாது.

• குழந்தைகள் கணுக்கால் தண்ணீரில் நின்றாலும் ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யார் பார்த்துக்கொள்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'நீ பாத்துக்குவேன்னு நெனச்சேன்' என்பதில்தான் விபத்து நடக்கிறது.

• சிவப்புக் கொடி என்றால் இல்லை என்று அர்த்தம். லைஃப்கார்டிடம் வாதாட வேண்டாம். எங்கள் வீட்டுப் பிள்ளை இன்று உயிரோடு இருப்பது அவர்களில் ஒருவரால்தான்.

ஆச்சி பார்த்த சூரியன்

அன்று மாலை ஐந்தரை மணிக்குக் கொல்லம் கடற்கரை மணலில் துண்டு விரித்து உட்கார்ந்தோம். ஆச்சிக்குத் தெரிந்த ஒரே கடல் திருச்செந்தூர். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும். இங்கே சிவந்து, பெரிதாகி, மெல்லத் தண்ணீருக்குள் போயிற்று.

"ஏட்டி, சூரியன் கடலுக்குள்ள இறங்குதத இம்புட்டு வயசுக்கு இப்பத்தான் பாக்கேன்" என்றாள். தம்பி அவள் பக்கத்திலேயே, அலையிலிருந்து இருபது அடி தள்ளி உட்கார்ந்திருந்தான். புதுப் போனை வெளியே எடுக்கவே இல்லை. கிளம்பும்போது, கடற்கரையில் நின்ற லைஃப்கார்டிடம் தானாகப் போய் ஏதோ பேசிவிட்டு வந்தான். கேட்டதற்கு, "அன்னைக்கு இழுத்துப் போட்ட அண்ணன் இன்னைக்கு டியூட்டில இல்லையாம். தேங்க்ஸ் சொல்லச் சொன்னேன்" என்றான்.

இந்த ஜூனிலும் சித்தப்பா போன் செய்தார். "சீசன் எப்படி இருக்கு? தண்ணி விழுதா?" நன்றாக விழுகிறது என்றேன். கொல்லத்துக்கு? அதை அடுத்த ஜனவரிக்கு வைத்திருக்கிறோம். ஆச்சி இப்போதே கேட்டுவிட்டாள், இந்த முறை வர்க்கலாவா என்று.